ஞாயித்துக்கெழமை வியாதி

பொழுதோட எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைச் சாத்திப்போட்டு, புள்ளைங்க எல்லாம் உள்ள வந்தாச்சான்னு பாத்துப்போட்டு, அதுக்கப்புறம் ஒரு டீ குடிப்பேனுங்க டாக்டர். இஞ்சி கூடத் தட்டிப் போட மாட்டேன். வெறும் டீதான். ஆனா அந்த ருசி வேற எந்த டீயிலயும் இருக்காதுங்க. உள்ள இருக்க வேண்டியதெல்லாம் உள்ள இருக்குதுன்னா மனசுக்கு ஒரு நெறவு வருமல்லங்க, அதுதான்னு நெனைக்கறேன்.

நீங்க என்னைத் தனியா வரச் சொன்னது நல்லதாப் போச்சு. தங்கச்சி வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. கதவைச் சாத்திட்டா அவ காதுல உழுகாது. போன தடவ நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. 'உங்க தங்கச்சி சண்முகப்ரியா எடுத்ததாச் சொல்ற பொருளெல்லாம் ஞாயித்துக்கெழமையிலதான் காணாமப் போயிருக்குது. ஞாயித்துக்கெழமை மட்டும் வர்ற வியாதி எதுங்க?' கேட்டுப்போட்டு என் மொகத்தையே பாத்தீங்க. அன்னைக்கு நான் பதில் சொல்லல. பொய் சொல்றது எனக்குப் பழக்கமில்லீங்க. அதனால ரோசனை பண்ணி, உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடலாம்னு வந்திருக்கேன்.

நான் இங்க ஆர்.எஸ்.புரத்துல, வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல்ல வார்டன்னு உங்களுக்குத் தெரியும். வாரத்துல ஆறு நாளும் அங்கயேதான் இருப்பு. ஞாயித்துக்கெழமை மட்டும் சிங்காநல்லூருக்கு ஊட்டுக்குப் போயிட்டு வருவேன். கணக்குச் சரியா வருதுங்களா?

ப்ரியாவுக்கும் எனக்கும் பத்து வருசம் வித்தியாசம். அப்பா போனப்ப அவ ஆறாவது படிச்சா. அப்பத்தான் எனக்கு சிங்கப்பூர்ல ஒரு வேலை அமைஞ்சிருந்துச்சு. பாஸ்போர்ட்டெல்லாம் வந்துருச்சு. அம்மா அப்ப தோட்டத்துக் கூலிக்குப் போயிட்டு இருந்தாங்க, சின்னவளப் பாத்துக்க ஆளில்லை. அதனால நான் போகல. அந்தப் பாஸ்போர்ட்டு ஒரு முத்திரை கூட உழுகாம பீரோவுலயே காலாவதி ஆயிப்போச்சு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஒரு தகவலுக்குத்தான் சொல்றேன்.

அவளை நான்தான் படிக்க வெச்சேன். தலை பின்னி உட்டது நான். வயசுக்கு வந்தப்ப அம்மாவுக்கு முன்னாடி என்கிட்டத்தான் ஓடியாந்தா. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கெடைச்சப்ப முதல் சேதி எனக்குத்தான் சொன்னா. அப்படிப்பட்டவ போன தீவாளி கழிச்சு ஒரு நாளு வந்து, 'அக்கா, நான் வியட்நாம் போறேன்'னா.

'கம்பெனியில அனுப்பறாங்களா கண்ணு?'

'இல்லக்கா, நானாத்தான் போறேன். சும்மா சுத்திப் பாக்க.'

'கூட யாரு?'

'யாருமில்ல. நான் மட்டும்.'

முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறதாம். போற ஊர்ல ஹாஸ்டல்ல ஒரு கட்டில் புடிச்சுப் படுத்துக்கறதாம். பச்சைக் கலர்ல பை வாங்கியாந்தா. மாட்டிக்கிட்டு நின்னா அவ தலைக்கு மேல நிக்குது. அம்மா அதைப் பாத்துப்போட்டு, 'ஏஞ்சாமி, நான் வெறகு சொமந்தது பத்தாதுன்னு நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிச் சொமக்கறயா'ன்னு சிரிச்சாங்க. உள்ளுக்குள்ள ஏகப்பட்ட பெருமை. இந்தப் பாவாத்தா மக பிளைட்ல போறான்னு தெரு பூராவும் சொல்லிப்போட்டாங்க.

ஒரு தடவ, 'அக்கா, நீயும் வாயேன்'னு கூப்பிட்டா. 'ஹாஸ்டல் புள்ளைங்கள யாரு பாக்கறது'ன்னேன். சரின்னுட்டா. மறுக்கா கூப்பிடல.

நான் தடுக்கலீங்க. ஆழம் தெரியாமக் காலை உடறாளேன்னு மட்டும் இருந்துச்சு. 'எங்கெங்க தங்கறயோ அந்த ஹாஸ்டல் பேரு, போன் நம்பரு எல்லாம் எனக்கு அனுப்பி உட்டுப்போட்டுப் போ'ன்னேன். அத்தனையும் அனுப்பினா. அனுப்பாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்த வகையில அவ மேலயும் சித்த தப்பு இருக்குதுங்க.

ஹனோய் போயி எறங்கின மறுநாள் வீடியோவுல கூப்பிட்டா. அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, நான் ஊட்ல இருந்தேன். ரூமைச் சுத்திக் காட்டினா. ரயில் பெட்டியாட்ட மேலயும் கீழயும் கட்டிலு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு திரை. ஆணும் பொண்ணும் ஒரே ரூம்ல. ஒரு பையன் பல்லு வெளக்கிக்கிட்டே நடந்து போனவன் எங்களுக்குக் கையாட்டினான். அம்மா, 'எந்தூருப் பையன் கண்ணு?'ன்னாங்க. பிரேசில்னா. 'பாவம், எளைச்சிருக்கறான். சாப்ட்டானாமா?'ன்னு கேட்டாங்க. ப்ரியா அதை அவனுக்கு இங்கிலீசுல சொல்ல, அவன் வயித்தைத் தடவிக் காட்டிச் சிரிச்சான்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'வார்டன் யாரு?'

'வார்டனா? அதெல்லாம் இங்க கெடையாதுக்கா. கதவே பூட்ட மாட்டாங்க. எப்ப வேணாப் போலாம், எப்ப வேணா வரலாம்.' சொல்லிப்போட்டு அப்படி ஒரு சிரிப்பு. 'அக்கோவ், உன்ற ஹாஸ்டல்ல இருந்திருந்தா நான் எப்பவோ செத்துருப்பேன்.'

வெளையாட்டுக்குச் சொன்னதுதானுங்க. எனக்குத் தெரியும். அவ மொகம் அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னா, நான் வளத்த புள்ளை மொகமாட்டவே இல்லை. யாரோ ஒருத்தி மொகம். ரொம்ப அழகா இருந்தா. எனக்குப் பயம் வந்துருச்சு.

இங்க எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. ஒரு புள்ளை சரிப்படலைன்னா நாங்க சண்டை போட மாட்டோம், சத்தம் போட மாட்டோம். ஒரு வார்டன் இன்னொரு வார்டனுக்குப் போன் பண்ணி, 'ஏனுங்க, அந்தப் புள்ளை உங்ககிட்ட எடம் கேட்டு வந்தா சித்த பாத்துக்கங்க, கை நீளம்'னு ஒரு வார்த்தை சொல்லுவோம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஊர்ல எந்த கேட்டும் அவளுக்குத் தொறக்காது. பஸ் ஏறி அப்பன் ஆத்தாகிட்டப் போயிச் சேந்துருவா. மேட்டுப்பாளையத்துப் புள்ளை ஹாரிகான்னு ஒருத்தி இருந்தா. நல்ல புள்ளைதான். ஆனா கேட் சாத்தினப்புறம் வருவா. கேட்டா, சினிமாம்பா, சிநேகிதிம்பா. மூணு தடவ சொல்லிப் பாத்தேன். அப்புறம் ரூம்மேட்டோட சங்கிலி அவ அலமாரியில இருந்துச்சு. நான்தான் வெச்சேன். இப்ப அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு கொழந்தைங்க இருக்குது. கடைவீதியில என்னைப் பாத்தா அக்கட்டால ஒதுங்கிப் போயிருவா. பாவம், கூச்சம்.

அந்த வழக்கத்துலதானுங்க டா நாங்குங்கற ஊர்ல இருந்த ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினேன். ப்ரியா அடுத்துப் போறது அங்கதான். எனக்கு இங்கிலீசு சுமாரா வரும். மரியாதையாத்தான் பேசினேன். நானும் ஒரு ஹாஸ்டல் வார்டன், அந்தப் புள்ளையோட ஊட்ல வேண்டப்பட்டவ, அவளுக்கு ஒரு வியாதி, அடுத்தவிங்க பொருளை எடுத்துப்போட்டு எடுத்ததே மறந்துருவா, திட்டாதீங்க, சித்த பாத்துக்கங்கன்னேன். எடம் குடுக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. அதை அவிங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க.

அன்னைக்கு மத்தியானம் ப்ரியா கூப்பிட்டா. மழை சத்தம் கேட்டுச்சு. 'அக்கா, என் புக்கிங்கே இல்லைன்னு சொல்றாங்க. பையோட ரோட்ல நிக்கறேன்.'

'வந்துரு கண்ணு. அக்கா இருக்கேன்ல.'

'ஐயோ, இதுக்கெல்லாமா வருவாங்க? வேற எடம் பாத்துக்கறேன்க்கா.' கொஞ்ச நேரத்துல வேற ஹாஸ்டல் புடிச்சுப்போட்டு, நான் கவலைப்படுவேன்னு அந்த அட்ரசையும் அனுப்பினா. அங்கயும் போன் பண்ணினேன்.

ரெண்டு மூணு எடத்துல இப்படியே ஆச்சு. எங்க போனாலும் உள்ள உடறதுக்கு முன்னாடி ஒரு மாதிரியாப் பாக்கறாங்கன்னா. 'என்னமோ என் நெத்தியில எழுதி ஒட்டியிருக்கறாப்புல இருக்குதுக்கா'ன்னா. அப்பவாச்சும் வந்திருக்கலாம். புடிவாதம். அது எங்க அப்பாகிட்ட இருந்து வந்தது.

ஹோய் ஆன்னு ஒரு ஊர்ல, நான் போன் பண்ணியும் எடம் குடுத்தாங்க. அங்க ஒரு வெள்ளைக்காரப் புள்ளையோட வாட்ச் காணாமப் போச்சு. ஹாஸ்டல்னா பொருள் காணாமப் போகத்தான் செய்யும், அதுக்கு நான் பொறுப்பில்லை. ஆனா எல்லாரும் ப்ரியாவைத்தான் பாத்திருக்காங்க. ரூம் நடுவுல வெச்சு அந்தப் பச்சைப் பையைக் கவுத்துக் கொட்டியிருக்காங்க. துணிமணி, உள்பாவாடை, மாத்திரை, அம்மா கட்டிக்குடுத்த பருப்புப்பொடி எல்லாம் தரையில. வாட்ச் இல்லை. ஆனா வேற யாரோட கறுப்புக் கண்ணாடியோ அதுல இருந்திருக்குது. இவளுதும் அதே மாதிரிதான். தன்னுதுன்னு நெனைச்சு எடுத்துப் போட்டிருப்பா. நம்மூர்ல கூட செருப்பு மாறிப் போகுதில்லீங்களா. ஆனா பேரு கெட்டவளுக்கு அந்த நியாயமெல்லாம் கெடைக்காதுங்க. ஒரு பொழுது போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருந்தாங்க. இவ பேசற இங்கிலீசு அவிங்களுக்குப் புரியல, அவிங்க பேசறது இவளுக்குப் புரியல. பிரேசில் பையனும் இல்லை, யாரும் இல்லை. தண்ணி கேட்டதுக்குக் கூடக் கையைக் காட்டித்தான் கேட்டாளாம்.

அங்கிருந்து எனக்குத்தான் கூப்பிட்டா. அழுதுக்கிட்டே பேசினா. 'அக்கா, நான் எடுக்கலக்கா. சத்தியமா எடுக்கல.'

'தெரியும் கண்ணு'ன்னேன்.

அது பொய் இல்லீங்க. அவ எடுக்கலைங்கறது இந்த ஒலகத்துல என்னை உட நல்லாத் தெரிஞ்சவிங்க யாரும் இல்லை.

கண்ணாடிக்காரி புகார் எதுவும் வேண்டாம்னுட்டதால உட்டுட்டாங்க. அடுத்த பிளைட்ல வந்துட்டா. பீளமேட்டு ஏர்போர்ட்டுக்கு நான்தான் பிளாஸ்க்குல காப்பியோட போனேன். பையை நானே வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டேன். கனமே இல்லை. பாதித் துணியை அங்கயே உட்டுட்டு வந்திருந்தா. அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக் கதவைச் சாத்திப்போட்டு டீ குடிச்சேன் பாருங்க, அந்த டீயை இன்னைக்கு வரைக்கும் மறக்கலீங்க.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா ஹோய் ஆன் ஹாஸ்டல்ல இருந்த ஒரு புள்ளை எரக்கப்பட்டு, 'உங்க நாட்டுல இருந்து யாரோ போன் பண்ணி உன்னைப் பத்திச் சொன்னாங்க'ன்னு ப்ரியாகிட்டச் சொல்லி அனுப்பியிருக்குது. இவளுக்கு ஆபீஸ்ல ரவிக்குமார்னு ஒருத்தன் மேல சந்தேகம். இவளைப் பொண்ணு கேட்டவன், இவ முடியாதுன்னுட்டா. அம்மாவுக்குக் கொதிச்சுப் போச்சு. போலீசுக்கெல்லாம் போகல. 'ஆனைமலைக்குப் போறேன், மாசாணியாத்தாகிட்டச் சொல்லிப்போடறேன்'னாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருட்டுக் குடுத்தவிங்க, அபாண்டத்துக்கு ஆளானவிங்க அங்க போயி வரமொளகா அரைச்சு ஆத்தா சன்னதிக் கல்லுல பூசுவாங்க. தப்புப் பண்ணினவனுக்கு ஒடம்பு பத்தி எரியும்னு நம்பிக்கை. நியாயம் கெடைச்சப்புறம் மறுக்காப் போயி எண்ணெய்க் காப்புச் செஞ்சு ஆத்தாளைக் குளுர வெக்கோணும். ப்ரியா, 'மொளகா அரைச்சா சட்னிதாம்மா வரும்'னு கிண்டல் பண்ணினா. அதான், வந்து கொஞ்ச நாள்லயே அவளுக்குச் சிரிப்புத் திரும்பிருச்சு.

நான் லீவு போட்டுப்போட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். மொளகா நான்தான் வாங்கினேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, கல்லைத் தள்ள முடியல. 'நீ அரை அம்மணி'ன்னாங்க. அரைச்சேன். அம்மா பக்கத்துல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு, 'என்ற புள்ளை மேல இல்லாததைச் சொன்ன கை எரியோணும் ஆத்தா, நாக்கு எரியோணும் ஆத்தா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நல்லா நைசா அரைச்சேன். அரைகொறையா எதுவும் செய்ய மாட்டேனுங்க. கை ரெண்டு நாளைக்கு எரிஞ்சுது. மோருல முக்கி வெச்சேன், சரியாப் போச்சு. மொளகா அரைச்சா யாருக்கும் எரியத்தான் செய்யும்.

நான் பயந்தது ஆத்தாளுக்கு இல்லை. ஒரு ஞாயித்துக்கெழமை ஊட்டுக்குப் போறேன், மொட்டை மாடியில அந்தப் பச்சைப் பையைத் தொவைச்சுக் காயப் போட்டிருக்கா. 'அக்கா, யாரோ ஒருத்தன் சொன்ன பொய்க்கு நான் ஏன் ஊட்ல உக்காரோணும்? மறுக்காப் போறேன். இந்தத் தடவ எங்க தங்கறேன்னு ஒருத்தருக்கும் சொல்லப் போறதில்லை, உனக்குக் கூட'ன்னு கன்னத்தைக் கிள்ளினா. எனக்குக் கூடச் சொல்ல மாட்டாளாம். யோசிச்சுப் பாருங்க டாக்டர். தும்பை உட்டுப்போட்டு வாலைப் புடிக்கற ஆளு நான் இல்லீங்க.

அம்மா குளிக்கப் போறப்ப தோட்டைக் கழட்டிக் கண்ணாடிகிட்ட வெப்பாங்க. ஒத்தைத் தோட்டை எடுத்து அந்தப் பையோட பக்கத்து ஜிப்புல போட்டுப்போட்டேன். தோடு காணோம்னு அம்மா தேடினப்ப, நானும் கூடச் சேந்து தேடினேன். ப்ரியாவும் தேடினா. அவளேதான் கடைசியா பையைத் தொறந்தா. தோட்டை உள்ளங்கையில வெச்சு என்கிட்ட நீட்டினா. போன்ல 'நான் எடுக்கலக்கா'ன்னு சொன்னவ, இந்தத் தடவ, 'நான் எடுத்தனாக்கா?'ன்னு கேட்டா.

'தெரியாம எடுத்திருப்ப கண்ணு. அதுக்கு என்ன இப்ப'ன்னேன்.

அதுக்கப்புறம் எனக்கு அவ்வளவா வேலை இல்லீங்க. அடுத்த ஞாயிறு பக்கத்து ஊட்டுக்காரம்மாவோட கொலுசு. அதுக்கடுத்த ஞாயிறு என்ற பர்சு. அவளே அவளை நம்பறதை உட்டுட்டா. தூக்கம் போச்சு, சோறு போச்சு, வேலைக்குப் போறதை நிறுத்திப்போட்டா. அடுத்தவிங்க ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா. ஒடம்பெல்லாம் எரியுதுன்னு ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலியில போயித் தண்ணியை மோந்து மோந்து ஊத்திக்கிட்டா.

அந்த எரிச்சலைப் பாத்துத்தான் அம்மா ஒடைஞ்சு போனாங்க. 'எவனும் பொய் சொல்லல போல அம்மணி. என்ற புள்ளைகிட்டத்தான் தப்பு இருந்திருக்குது. அது தெரியாம நானே போயி என்ற புள்ளைக்கு மொளகா அரைச்சுப்போட்டு வந்துட்டனே'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. மறுக்காவும் ஆனைமலைக்குப் போனோம். எண்ணெய்க் காப்புக்குக் குடுத்தோம். 'ஆத்தா, உட்டுரு, அவ அறியாப் புள்ளை'ன்னு அம்மா தரையில உழுந்து கும்பிட்டாங்க. ப்ரியாவும் கூட வந்து உழுந்து கும்பிட்டா. சட்னின்னு கிண்டல் பண்ணினவ. நான் ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்தி, பஸ்சுல சன்னலோரமா உக்கார வெச்சுக் கூட்டியாந்தேன்.

அப்புறம்தான் உங்ககிட்டக் கூட்டியாந்தேன். இப்ப என்ற ஹாஸ்டல்லதான் இருக்கறா. என்ற ரூம்ல, என்ற கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலு. எட்டு மணியானா அவளே போயி கேட்டைச் சாத்திப்போட்டு வாரா. அங்க வந்தப்புறம் ஒரு பொருளும் காணாமப் போகலையேன்னு நீங்க கேக்கறீங்க. எதுக்குங்க போகோணும்? அவதான் உள்ள இருக்கறாளே.

மேட்டுப்பாளையம் வரைக்கும் தனியா பஸ்சுல போயிட்டு வரட்டும், மாத்திரையைக் கொறைக்கலாம்னு நீங்க அவகிட்டச் சொன்னீங்களாம். வந்து என்கிட்டச் சொன்னா. சொல்றப்ப அவ மொகத்துல அந்த ஹனோய் மொகம் ஒரு நொடி வந்துட்டுப் போச்சுங்க. அதனாலதான் இவ்வளவையும் உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். போன் பண்ணினது நான். தோட்டை வெச்சது நான், கொலுசை வெச்சது நான். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. போலீசுல சொல்றதானாலும் சொல்லுங்க, வாரேன்.

ஆனா அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர், அவளைத் தனியாவும் அனுப்பாதீங்க. வியாதின்னு நெனைச்சுட்டு இருந்தா அதுக்கு உங்ககிட்ட மாத்திரை இருக்குது. அக்காதான் பண்ணினான்னு தெரிஞ்சுதுன்னா, அதுக்கு என்னங்க மாத்திரை குடுப்பீங்க? அவளுக்கு அப்புறம் யாருங்க இருக்கறாங்க?

நீங்க என்னை அப்படிப் பாக்க வேண்டியதில்லை. கதவைத் தொறந்து அவளைப் பாருங்க. நான் வெளிய வந்ததும் என்ன செய்வான்னு பாருங்க. எந்த எடத்தை உட்டுக் கெளம்பினாலும், கடையோ, கோயிலோ, உங்க ஆஸ்பத்திரியோ, அவ கைப்பையை ரெண்டு கையிலயும் விரிச்சு என் முன்னாடி நீட்டுவா. 'பாத்துக்கக்கா'ம்பா. நான் ஒரு நாளும் கேட்டதில்லீங்க. அவளாத்தான் காட்டறா. அவளுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.